ஆறு மாதப் பாடமும் நூறாண்டு நிலமும்

(வேளாண் கல்லூரி ஒன்றில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை என்பது முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும் காரியம். இன்று நான் பேச வந்திருக்கும் நீடித்த வேளாண்மையும் அடிப்படையில் அதே ஒழுங்குதான். மண், நீர், விதை, உழவர் குடும்பத்தின் உடல்நலம் ஆகியவை முதல். ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் விளைச்சல் வட்டி. முதல் கரைகிறதா வளர்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவரே இந்தத் துறையைப் படித்தவர்.

இந்தக் கணக்கை ஒரு கல்லூரியால் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதே இன்றைய கேள்வி. முடியும் என்றே நினைக்கிறேன். ஆனால் இப்போதைய அமைப்பில் அது கடினம். ஆசிரியர்களின் அறிவிலோ மாணவர்களின் ஆர்வத்திலோ குறை இல்லை. கல்லூரி ஆறு மாதத்தில் எண்ணுகிறது. நிலம் பத்தாண்டு, இருபதாண்டு என்று எண்ணுகிறது. இந்த இரண்டு காலக் கணக்கையும் இணைக்கும் ஏற்பாடு எதுவும் நம் பாடத்திட்டத்தில் இல்லை. அதை எப்படி உண்டாக்கலாம் என்பதைச் சொல்லவே வந்தேன்.

ஒரு மணி நேரம், செய்முறை இல்லை

முதலில் நம் பாடத்திட்டத்தைப் பார்ப்போம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாம் டீன்கள் குழு வகுத்த இளநிலைப் பாடத்திட்டத்தில் 'பண்ணைய முறைகளும் நீடித்த வேளாண்மையும்' என்று ஒரு பாடம் இருந்தது. அதன் மதிப்பு 1+0. வாரம் ஒரு மணி நேர வகுப்பு, செய்முறை பூஜ்யம். இயற்கை வேளாண்மைக் கோட்பாடுகளுக்கு 1+1. ஆறாம் குழு வந்தபின் பாடங்களும் மணிக்கணக்கும் மாறிவருகின்றன. செமஸ்டர் என்ற சட்டகம் மட்டும் மாறவில்லை.

செய்முறைக்கென்றே வைத்த பாடமும் உண்டு. பயிர் உற்பத்திச் செய்முறையில் மாணவருக்கு ஒரு சிறு வயல் பங்கு கிடைக்கிறது. நாற்றங்கால் விடுவது முதல் களத்துமேடு வரை அவரே செய்கிறார். நான்காண்டுப் படிப்பில் மாணவர்கள் மறக்காமல் சொல்வது இந்தப் பாடத்தைத்தான். அது சரியான பாடம். அதை ஒருபோதும் குறைக்கக் கூடாது. ஆனால் அந்த வயல் ஒரு பருவத்துக்கு மட்டுமே அவருடையது. அறுத்து, எடை போட்டு, குறிப்பேட்டில் கையெழுத்து வாங்கியதும் வயல் அடுத்தவருக்குப் போய்விடும். சென்ற ஆண்டு அதில் என்ன இட்டார்கள், எவ்வளவு இட்டார்கள் என்பது புதியவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரு பருவத்தில் மகசூலைக் கற்கலாம். எவ்வளவு யூரியா போட்டால் பயிர் எவ்வளவு பச்சை பிடிக்கும் என்று கற்கலாம். அந்த மகசூல் நிலத்தின் சேமிப்பிலிருந்து வந்ததா, அந்த ஆண்டு வரவிலிருந்து வந்ததா என்பதை ஒரு பருவம் சொல்லாது. நாம் நீடித்த வேளாண்மை என்று அழைப்பதோ அந்த ஒரு கேள்வியைத்தான்.

நூறாண்டுப் பாத்திகள்

இந்தச் சிக்கலை உலகின் பழைய ஆராய்ச்சி நிலையங்கள் சில முன்பே உணர்ந்திருந்தன. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட்டில் லாஸ், கில்பர்ட் என்ற இருவர் 1843இல் பிராட்பாக் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். ஒரு பாத்திக்கு எதுவும் இடவில்லை, ஒன்றுக்குத் தொழுவுரம், மற்றவற்றுக்கு வெவ்வேறு உரக்கலவை. அந்தச் சோதனை இன்றும் நடக்கிறது. ஆண்டுதோறும் எடுத்த தானியமும் வைக்கோலும், அவ்வப்போது எடுத்த மண்ணும் அங்கே போத்தல்களில் காத்திருக்கின்றன. கன உலோகங்களும் டையாக்சினும் காற்று வழியாக எப்போதிலிருந்து மண்ணில் படிந்தன என்று பிற்கால விஞ்ஞானிகள் கேட்டபோது விடை அந்தப் போத்தல்களில் இருந்தது. அவற்றை நிரப்பியவர்களுக்கு அப்படி ஒரு கேள்வி எழும் என்பதே தெரியாது.

அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே மோரோ பாத்திகள் என்ற சோதனை நிலம் இருக்கிறது. 1876இல் தொடங்கியது. ஒரு பாத்தியில் ஆண்டாண்டாக மக்காச்சோளம் மட்டும். மற்றவற்றில் மாற்றுப் பயிர்ச் சுழற்சி. சுழற்சியின் பயனை அந்தப் பாத்திகள் நூறாண்டுக்கும் மேலாகக் காட்டிவருகின்றன. அதன் அருகே மாணவர்களுக்கு நூலகம் கட்ட வேண்டி வந்தது. கட்டடத்தின் நிழல் பயிர்மேல் விழக் கூடாது என்று 1969இல் நூலகத்தையே நிலத்துக்கு அடியில் கட்டினார்கள். ஒரு பல்கலைக்கழகம் எதை மதிக்கிறது என்று அறிய அதன் நோக்க அறிக்கையைப் படிக்க வேண்டாம். கட்டடம் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பெருமை என்று எண்ண வேண்டாம். சைதாப்பேட்டையில் 1868இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு இடம் பெயர்ந்தது. அங்கே 1909இல் ஒரு நிரந்தர உரச் சோதனை தொடங்கியது. தழைச்சத்து மட்டும், மணிச்சத்து மட்டும், சாம்பல்சத்து மட்டும், அவற்றின் கூட்டுகள், தொழுவுரம், எதுவும் இடாத பாத்தி என வகுத்துப் பயிரிட்டார்கள். 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபோது அந்தப் பாத்திகளுக்கு 62 வயது. அவையும், பின்னர் நாடு முழுவதும் தொடங்கிய நீண்டகால உரச் சோதனைகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்லின. தழைச்சத்தை மட்டும் தொடர்ந்து கொடுத்தால் மற்றச் சத்துகள் வற்றி மகசூல் இறங்கும். மூன்று சத்தும் அளவாக இட்டு, அதனுடன் தொழுவுரமும் சேர்த்த பாத்தி நிலைத்து நிற்கும்.

முதல் சில ஆண்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதைக் கவனியுங்கள். யூரியா மட்டும் போட்ட பாத்தி தொடக்கத்தில் நன்றாகவே விளையும். மூன்றாம் ஆண்டில் தேர்வு வைத்திருந்தால் அது முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

கரிமத்துக்கு ஒரு கணக்கு

ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போடுவோம். பேனா எடுத்து நீங்களும் போடலாம்.

ஒரு எக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை தோராயமாக 20 லட்சம் கிலோ. அதில் அங்ககக் கரிமம் 0.1 சதவீதம் உயர வேண்டும் என்றால் 2,000 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். பரிந்துரைப்படி எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுகிறோம். ஈரமும் மண்ணும் சாம்பலும் போக அதில் கரிமம் ஒன்றரை டன்னிலிருந்து 2 டன் வரை இருக்கலாம். அது அப்படியே தங்கிவிடுமா? நம் வெயிலில் நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைத் தின்று கரியமில வாயுவாக வெளியே விட்டுவிடும். ஆறில் ஒன்றோ எட்டில் ஒன்றோ தங்கினால் நல்லது. அதாவது ஆண்டுக்கு 200 முதல் 300 கிலோ. 0.1 சதவீதம் ஏற ஏழு முதல் பத்து ஆண்டு ஆகும்.

இது தோராயக் கணக்குதான். மண்ணின் களித்தன்மை, பாசனம், உழவின் எண்ணிக்கை எல்லாம் இதை மாற்றும். ஆனால் விடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிகிறது. நான்காண்டு படித்து வெளியேறும் மாணவர் தாம் இட்ட தொழுவுரத்தின் முழுப் பயனையும் கல்லூரியில் இருக்கும்போது பார்க்க வழியில்லை. "ஒரே ஆண்டில் மண்ணை மீட்டுவிடலாம்" என்று திரவத்தையோ தூளையோ விற்க வருபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது இந்தக் கணக்குத் தெரிந்த மாணவருக்குத் தெரியும். நீடித்த வேளாண்மை படித்தவருக்கு முதலில் வர வேண்டிய திறமை இந்தக் கேள்வி கேட்பதுதான்.

நெல் தரிசு உளுந்து எங்கே போயிற்று?

காலத்துக்கு அடுத்தது எல்லை. கல்லூரியில் உழவியல் ஒரு துறை, மண்ணியல் ஒரு துறை, பொறியியல், பூச்சியியல், பொருளியல் எல்லாம் தனித்தனி. வயலில் இவற்றுக்கு நடுவே வரப்பு கிடையாது. காவிரிப் படுகையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

சம்பாவோ தாளடியோ அறுவடைக்கு வரும் தை மாதத்தில், அறுப்புக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னதாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பாசிப்பயறையும் விதைத்துவிடுவது டெல்டா வழக்கம். உழவு இல்லை, தனிப் பாசனம் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே அந்தப் பயிரை வளர்த்துவிடும். அதன் வேர் முடிச்சுகள் தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் பருப்பு வரும், கைக்குக் காசு வரும், மாட்டுக்குப் பயற்றங்கொடி கிடைக்கும்.

பின்னர் அறுவடைக்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. இயந்திரம் வந்தது. ஆள் பற்றாக்குறைக்கு அது சரியான தீர்வு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டயர் வண்டியோ செயின் வண்டியோ ஈர வயலுக்குள் இறங்கினால் முளைத்து நிற்கும் உளுந்து நசுங்கும். அதனால் பலர் அறுப்புக்கு முன் உளுந்து தெளிப்பதை விட்டார்கள். அறுத்தபின் விதைக்கலாம் என்றால் ஈரம் போய்விடுகிறது. அறுவடை இயந்திரத்தைத் தொடர்ந்து வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்தது. உருளைக் கட்டுகள் லாரியேறி மாட்டுப் பண்ணைகளுக்குப் போகின்றன.

நெற்பயிர் எடுக்கும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் வெளியே போனால் 30 கிலோ போகிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் இருப்பதும் அதே 30 கிலோதான். வைக்கோல் விற்ற பணத்தைக் கணக்கில் எழுதுகிறோம். அதோடு போன பொட்டாஷ் மூட்டையை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. அந்த மூட்டையோ கப்பலில் வருவது. நம் நாட்டுத் தேவை ஏறத்தாழ முழுவதும் இறக்குமதி.

இந்தத் தொடரில் அறுவடை இயந்திரத்தைப் பொறியியலில் படிக்கிறீர்கள். உளுந்தை உழவியலில், வேர் முடிச்சை நுண்ணுயிரியலில், சாம்பல்சத்தை மண்ணியலில், ஆள் கூலியைப் பொருளியலில் படிக்கிறீர்கள். ஐந்து தேர்விலும் தேறியவருக்குக்கூட, இயந்திரம் வந்ததால் பருப்பு போயிற்று, பருப்பு போனதால் தழைச்சத்து வரவு குறைந்தது, அதை யூரியா ஈடுகட்டியது என்ற ஒரு வரி தானாக வந்துவிடாது. அந்த வரியை வயலில் சேர்த்துப் படிக்கக் கற்பிப்பதுதான் பண்ணையப் பாடம். அதற்குத்தான் நாம் செய்முறை நேரம் பூஜ்யம் என்று வைத்தோம்.

ஒரே போகத்தில் மாற்றப் பார்த்தால்

காலத்தை மதிக்காத மாற்றம் என்ன செய்யும் என்று இலங்கை காட்டியது. 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்தும் முடிவு அறிவிக்கப்பட்டு, மே மாதம் தடை நடைமுறைக்கு வந்தது. தொழுவுரக் குவியல் இல்லை, பசுந்தாள் விதை இல்லை, உழவருக்குப் பயிற்சி இல்லை. நெல்லும் தேயிலையும் தவித்தன. நவம்பரில் தடை பெரும்பாலும் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் உள்ள தமிழ் உழவர்கள் அந்த வீழ்ச்சியை நேரில் தாங்கினார்கள்.

சிக்கிம் மாநிலம் இயற்கை வேளாண்மைக்கு மாறும் முடிவை 2003இல் எடுத்தது. முழு இயற்கை வேளாண் மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது 2016 ஜனவரியில். அங்கே ரசாயன உரப் பயன்பாடு முன்பே குறைவு. அரிசி உள்ளிட்ட உணவு வெளியிலிருந்து வருகிறது. ஆகையால் சிக்கிமை அப்படியே தஞ்சாவூருக்குப் பெயர்க்க முடியாது. ஆனால் அங்கேகூடப் பன்னிரண்டு ஆண்டுகள் எடுத்தார்கள்.

நம் சான்றளிப்பு விதிகளும் காலத்தை அறிந்தே எழுதப்பட்டவை. தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டப்படி ஓராண்டுப் பயிருக்கு 2 ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டும் மாறுதல் காலம். அந்த இடைக்காலத்தில்தான் உழவர் தள்ளாடுகிறார். மகசூல் குறையும், சான்று வராததால் கூடுதல் விலையும் கிடைக்காது. கொள்முதல் நிலையம் நெல்லைச் சன்னம், மோட்டா என்று பிரித்து விலை வைக்கும். எப்படி விளைந்தது என்று கேட்காது. இந்த இரண்டு, மூன்று ஆண்டை உழவர் எப்படிக் கடப்பது என்று திட்டம் போடத் தெரிந்த பட்டதாரி அவருக்குப் பெரிய துணை. அந்தத் திட்டத்தைப் போட, அப்படி ஒரு மூன்றாண்டை மாணவர் ஒருமுறையாவது வயலில் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பெயர்கள்

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே அவை இரண்டாகப் பிரியும். பசுமைப் புரட்சியை முன்னெடுத்த எம்.எஸ். சுவாமிநாதன் பக்கம் சிலர், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் பக்கம் சிலர். மாணவர்களும் இந்தச் சண்டையைக் கைப்பேசியில் நடத்துகிறீர்கள் என்று அறிவேன். இருவருமே வேளாண்மையை வகுப்பறையில் படித்தவர்கள். 1925இல் பிறந்த சுவாமிநாதன் விலங்கியல் படித்து முடித்தவர்; 1943 வங்கப் பஞ்சத்தின் தாக்கத்தால் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரிக்கு வந்தார். 1938இல் பிறந்த நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தார். மானாவாரி உழவருக்குக் கட்டுப்படியாகாத இடுபொருட்களை வைத்துச் செய்யும் சோதனை யாருக்குப் பயன் என்று கேட்டு, வேலையை விட்டு வெளியேறினார்.

பசுமைப் புரட்சியின் முதல் அறுவடைகள் வந்துகொண்டிருந்த 1968 ஜனவரியில், வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளத்தைப் பேணாமல் தீவிரமாகப் பயிரிட்டால் நிலம் பாழாகும், நிலத்தடி நீரை வரைமுறையின்றி இறைத்தால் வற்றும், பூச்சிமருந்தைக் கண்மூடித் தெளித்தால் கேடு வரும் என்பது அதன் சாரம். நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்னவற்றில் பாதி இதில் இருக்கிறது. வழிமுறையில் இருவருக்கும் பெரும் வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டாம். யார் சரி என்று கட்சி கட்டுவதை விட, ஒவ்வொருவர் கூற்றையும் எந்த நிலத்தில், எந்த நீரில், எத்தனை ஆண்டில் சோதிக்கலாம் என்று கேட்பதுதான் கல்லூரிக்கு அழகு.

கல்லூரி அப்படிச் சோதித்த ஒரு நிகழ்வு நம்மிடம் உண்டு. மடகாஸ்கரில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே, அன்ட்சிராபே என்ற ஊரில் உழவர் வீட்டு இளைஞர்களுக்காக 1981இல் ஒரு பள்ளி தொடங்கினார். 1983இல் வறட்சி நெருக்கியபோது பள்ளி வயலில் 15 நாள் நாற்றையே நட வேண்டியதாயிற்று. அந்த இளம் நாற்று எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. ஒற்றை நாற்று, அகன்ற இடைவெளி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் என்ற முறை அங்கிருந்து உருவானது. 2000இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதனைக்கு எடுத்தது. பின்னர் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர் வயல்களிலும் வைத்துப் பார்த்தது. அதுதான் இன்று நீங்கள் படிக்கும் திருந்திய நெல் சாகுபடி.

உலக ஆராய்ச்சி இதழ்களில் இந்த முறையைப் பற்றிக் கடுமையான வாதம் நடந்தது. சொல்லப்பட்ட மகசூல் சாத்தியமே இல்லை என்றவர்கள் உண்டு. நீரும் விதையும் மிச்சமாவதை மறுத்தவர்கள் குறைவு. நம் உழவர்கள் 14 நாள் நாற்றையும் கோனோவீடர் என்ற களைக்கருவியையும் முழுதாக ஏற்கவும் இல்லை, முழுதாகத் தள்ளவும் இல்லை. நாற்றின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள், வரிசை நடவை எடுத்துக்கொண்டார்கள், முடிந்த இடத்தில் நீரைக் காயவிட்டார்கள். இந்தக் கதை முழுவதையும், வாதத்தோடு சேர்த்து, மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளி வயலில் பிறந்த கேள்வி உலகத்தின் நெல் அறிவியலைப் பேச வைத்தது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

என்ன செய்யலாம்?

கல்லூரிக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒரு நிரந்தர வயல். கல்லூரிப் பண்ணையில் ஓர் ஏக்கர் போதும். அதை நான்காகப் பிரியுங்கள். ஒன்றில் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி சாகுபடி. ஒன்றில் முழு இயற்கை முறை. ஒன்றில் தொழுவுரமும் பசுந்தாளும் ரசாயன உரமும் கலந்த முறை. இந்த மூன்றின் திட்டத்தையும் எந்த ஆண்டு மாணவரும் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது. நான்காவது பாத்தி மட்டும் அந்தந்த ஆண்டு மாணவர்களின் சொந்த யோசனைக்கு. தக்கைப்பூண்டை எந்த நாளில் மடக்கி உழுவது என்று பார்க்கட்டும். பாரம்பரிய ரகம் ஒன்றைப் போட்டுப் பார்க்கட்டும். தவறாகவும் செய்து பார்க்கட்டும்.

நான்கு பாத்திக்கும் ஒரு பேரேடு. அதில் நான்கு பத்தி: நீர், சத்து, உழைப்பு நேரம், பணம். உள்ளே வந்தது, வெளியே போனது இரண்டையும் எழுத வேண்டும். லாரியேறிய வைக்கோலும் அதில் வர வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மண்ணெடுத்து, உலர்த்தி, பெயரும் தேதியும் ஒட்டி, போத்தலில் வைத்துவிட வேண்டும். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. முதலாண்டு மாணவர் நான்காம் ஆண்டு மாணவரிடமிருந்து பேரேட்டைக் கையெழுத்திட்டு வாங்கட்டும். நான்காண்டும் அதே வயலில் அவருக்குப் பங்கு இருக்கட்டும். இறுதித் தேர்வில் ஓர் ஆசிரியரும் ஓர் உழவரும் சேர்ந்து உட்கார்ந்து, மாணவர் கல்லூரிக்கு வருவதற்கு எட்டாண்டு முன்பு நடந்ததை அவரையே பேரேட்டிலிருந்து விளக்கச் சொல்லட்டும்.

இரண்டாவது, 'ராவே' என்று நீங்கள் சொல்லும் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம். இறுதியாண்டில் ஓர் ஊருக்குப் போகிறீர்கள். தெருவில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுகிறீர்கள். உழவர்களிடம் பல பக்கக் கேள்வி கேட்கிறீர்கள். அறிக்கை கல்லூரி அலமாரிக்குப் போகிறது. அடுத்த ஆண்டுக் குழு வேறு ஊருக்குப் போகிறது. அல்லது அதே ஊருக்குப் போய் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்கிறது. உழவர் பொறுமையாக விடை சொல்கிறார். அந்த விடை என்னவாயிற்று என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

இதை மாற்றப் புதிதாகப் பணம் வேண்டாம். கல்லூரி சில ஊர்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு வைக்கட்டும். புதிய குழு முந்தைய ஆண்டுகளின் கோப்பைப் படித்துவிட்டே ஊருக்குள் நுழையட்டும். கிணற்று நீர்மட்டம், பயிர் பரப்பு, கடன், கூலி, உளுந்து விதைத்தவர் எண்ணிக்கை ஆகியவை ஆண்டுதோறும் அதே முறையில் பதியட்டும். முடிவைக் கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டட்டும். பத்தாண்டில் அந்த ஊரைப் பற்றி எந்த அரசுத் துறையிடமும் இல்லாத தகவல் உங்களிடம் இருக்கும். அதில் ஒரு பிரதி ஊராரிடமும் இருக்கும்.

மூன்றாவது, விடுதிச் சமையலறை. உணவு உற்பத்தி களத்துமேட்டோடு முடிவதில்லை. நூற்றுக்கணக்கான பேர் மூன்று வேளை உண்ணும் ஓர் இடம் இந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது பாடமாகவில்லை. அந்த அரிசி எந்த ஊர் நெல்? 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி என்பது அரசு அரவைக் கணக்கு. மீதித் தவிடும் உமியும் எங்கே போகின்றன? உழவர் வாங்கிய விலைக்கும் விடுதி கொடுத்த விலைக்கும் நடுவே எத்தனை கை? இலையில் மிஞ்சும் சோறு எவ்வளவு, அது உரக்குழிக்குப் போகிறதா, குப்பை லாரிக்குப் போகிறதா? ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர் குழு ஒன்று இந்தக் கணக்கை எழுதினால், உணவுச் சங்கிலி என்று பாடநூல் சொல்வது ஒரு ரசீதுக் கட்டாக அவர்கள் கையில் இருக்கும்.

மறுப்புகள்

இதற்கு மறுப்பு வரும், வர வேண்டும்.

மாணவர்களில் எத்தனை பேர் உழவுக்குப் போகிறார்கள் என்று கேட்பார்கள். வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு, உரக் கம்பெனி, விதைக் கம்பெனி என்றுதான் பெரும்பாலோர் போகிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் இந்தப் பயிற்சி கூடுதலாகத் தேவை. வங்கியில் பயிர்க்கடன் அளவு பயிர் பயிராக, ஏக்கர் ஏக்கராக நிர்ணயிக்கப்படுகிறது. மாடும் வயலும் மரமும் சேர்ந்த பண்ணையை அந்தப் பட்டியலில் பொருத்துவது எளிதல்ல. பண்ணையை முழுதாகப் பார்க்கப் பழகிய ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால், விதிக்குள் நின்றே உழவருக்கு வழி காண்பார். உர விற்பனைக்குப் போகிறவரும் வைக்கோலோடு போன சாம்பல்சத்தைக் கணக்கிடத் தெரிந்தால், யூரியா மூட்டைக்குப் பதில் வேறு மூட்டையைப் பரிந்துரைப்பார்.

வேலை கூடும் என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் உண்மையே. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் மார்ஸ்டன் பண்ணையில் நடத்திய சோதனையின் முடிவு 2012இல் வெளிவந்தது. மக்காச்சோளம், சோயா என்ற இரண்டாண்டுச் சுழற்சியில் ஓட்ஸ், தீவனப் பயிர்களைச் சேர்த்து மூன்று, நான்கு ஆண்டாக நீட்டினார்கள். ரசாயன உரமும் களைக்கொல்லியும் பெரிதும் குறைந்தன, லாபம் குறையவில்லை, ஆனால் மனித உழைப்பு கூடியது. நீடித்த வேளாண்மை பணத்தில் மிச்சப்படுத்துவதை உழைப்பிலும் அறிவிலும் செலவழிக்கிறது. அந்தக் கூடுதல் உழைப்பு யார் தலையில் விழுகிறது என்று கேட்காத பாடம் நேர்மையான பாடம் ஆகாது. நம் ஊரில் களையெடுப்பது பெரும்பாலும் பெண்கள். பேரேட்டில் உழைப்பு நேரத்துக்கு ஒரு பத்தி வேண்டும் என்று சொன்னது இதற்காகவே. அதில் ஆண், பெண் நேரத்தைத் தனித்தனியே எழுதுங்கள்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பொறுப்பான ஆசிரியர் மாறுதலாகிப் போவார், முதல்வர் ஓய்வு பெறுவார், புதியவர் வந்து அந்த ஏக்கரில் கட்டடம் எழுப்ப நினைப்பார். இந்த ஆபத்து நிஜம். இல்லினாயில் நூலகத்தை நிலத்தடிக்கு அனுப்பியது பயிர்மேல் இருந்த பாசம் மட்டுமன்று. அதற்குள் அங்கே தொண்ணூறு ஆண்டுப் பதிவு சேர்ந்திருந்தது, அதை அழிக்க யாருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே நம் பாத்திகளுக்கு ஆபத்தான காலம் முதல் பத்தாண்டு. பதிவு மெலிதாக இருக்கும், முடிவு எதுவும் சொல்லாது, "இதனால் என்ன பயன்" என்ற கேள்விக்கு விடை இருக்காது. அந்தப் பத்தாண்டைக் கடக்க ஆட்சிக்குழுத் தீர்மானம் ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். பழைய மாணவர் சங்கத்துக்கும் அதில் பொறுப்பு இருக்க வேண்டும்.

முதல் சில ஆண்டு மாணவர்களுக்கு இதில் கிடைக்கப்போவது குறைவு. அவர்கள் எழுதும் எண்கள் அவர்களுக்கே பெரிதாக எதையும் சொல்லாது. ஆகவே அவர்களுக்கு மதிப்பெண்ணை மகசூலுக்குக் கொடுக்காதீர்கள். பதிவின் நேர்மைக்குக் கொடுங்கள். பயிர் படுத்த ஆண்டில் படுத்தது என்று எழுதியவருக்கு, நன்றாக விளைந்தது என்று எழுதியவரைவிடக் குறைவான மதிப்பெண் வரக் கூடாது. இந்த ஒரு விதியை இக்கல்லூரி எழுதி வைத்தால், மற்றவை மெல்ல வந்து சேரும் என்று நம்புகிறேன். முதல்வர் அவர்கள் இந்த ஆண்டு ஆடிக்குள் அந்த ஏக்கரை அளந்து கல் நடலாம். நல்ல நிலமாகத் தேர வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்து உழவரின் நிலம் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் போதும்.